கிழட்டு மோட்டாருக்குப் புதுப் பல்

மனிதனுக்கு வயதாகிவிட்டால் பல் ஆடுகிறது, முழங்கால் முனகுகிறது, மார்கழிக் குளிரில் காலையில் எழுந்திருக்க உடம்பு மறுக்கிறது. மோட்டார் வண்டியின் கிழப் பருவமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பல் விழுந்தவர் வைத்தியரிடம் போனால், அவர் வாயை அளவெடுத்துப் புதுப் பல் கட்டி அனுப்பி விடுகிறார். கிழ மோட்டாரின் சொந்தக்காரர் சாமான் கடைக்குப் போனாலோ, "அந்த வண்டியா? அதைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாதே, ஸார்!" என்ற பதில்தான் கிடைக்கிறது. வீட்டிலோ, "பழைய இரும்புக்காரனை எப்போது கூப்பிடப் போகிறீர்கள்?" என்ற கேள்வி காத்துக் கொண்டிருக்கிறது.

கேட்பவர்கள் மேல் குற்றமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டி யாருக்கு வேண்டும்? ஆனாலும் அந்த வண்டிக்கு நீடித்து உழைக்கக்கூடிய புதுப் பல் கட்ட வழி உண்டா, இல்லையா என்பதை விசாரித்துவிட்டு அப்புறம் இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பலாம் அல்லவா?

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ, சிதம்பரம் கீழ வீதியிலோ ஒரு வீட்டுக் கொட்டகையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் ஒன்று நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நம் சென்னையிலேயே பிறந்த வண்டி அது. அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்து கொண்டால், சாமான் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி.

குடும்பஸ்தன் வேஷத்தில் பந்தய வீரன்

இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனியார் 1959-ஆம் வருஷம் ஹெரால்டை வெளியிட்டார்கள். அதற்கு உருவம் வரைந்து கொடுத்தவர் ஜியோவன்னி மிச்சலோட்டி என்னும் இத்தாலியர். மற்ற வண்டிகள் எல்லாம் அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாய் ஒட்டிப் பிறந்து கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தின் மேல் பல துண்டுகளாகப் போல்ட்டு வைத்து முடுக்கப்பட்டிருந்தது. முழு மேற்கூட்டையும் ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு. அன்று சங்கடமாய் இருந்தது இன்று நமக்கு நன்மையாய் முடிந்திருக்கிறது. துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய வண்டியைத் துண்டு துண்டாகவே புதுப்பித்துவிடலாம். முன்புறம் முழுவதும் முதலை வாய் போலத் திறந்து கொள்ளும். 25 அடி இடம் இருந்தால் திரும்பிவிடும். சிதம்பரத்துச் சந்துகளுக்கென்றே செய்தார்களோ என்று தோன்றும்.

இதே எலும்புக் கூட்டைச் சற்றுக் குறுக்கி, அதன் மேல் இரண்டே பேர் உட்காரும் தாழ்வான உடம்பை வைத்து, மிச்சலோட்டி ஒரு பந்தய வண்டிக்கும் உருவம் கொடுத்தார். பணமுடையால் அந்த மாதிரி வண்டி தொழிற்சாலையின் ஒரு மூலையில் தூசித் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் லேலண்டு கம்பெனியார் அந்தத் தொழிற்சாலையை வாங்கியபோது துணியைத் தூக்கிப் பார்த்துச் சொக்கிப் போனார்கள். அதுதான் 1962-இல் வெளிவந்த 'ஸ்பிட்ஃபயர்'. 1965-இல் பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் அது முதலாவதாக வந்தது. 1980 வரையில் 3 லட்சத்துக்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன. கூரையும் நான்கு பேருக்கு ஆசனமும் வைத்துக்கொண்டு ஹெரால்டு சாதுவாகக் காட்சி தருவதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். உள்ளே இருப்பவை பந்தய வண்டியின் எலும்புகள்.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961-இல் ஹெரால்டைச் செய்யத் தொடங்கினார்கள். அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்றும்தான் அக்காலத்தில் நம் தேசத்தின் மோட்டார் கார்கள். அதே சமயத்தில் சென்னையைச் சுற்றி மோட்டார் உறுப்புக்களைச் செய்யும் தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ்.; 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. சுதேசி மோட்டார் என்பது வெறும் பேச்சாய் இராமல் இரும்பும் ரப்பருமாய் உருவெடுத்த காலம் அது. 1968-இல் நான்கு கதவுள்ள ஹெரால்டு வந்தது. அது இந்தியாவுக்கென்றே செய்தது. 1970-களில் 'கஸெல்' வந்தது. 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்து, மூன்றே வருஷத்தில் நின்று போயிற்று. அத்துடன் அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தியும் முடிந்தது. தாய்வீடு போய்விட்டது, பிள்ளைகள் மட்டும் அங்கங்கே கொட்டகைகளில் நிற்கின்றன.

உப்புக் காற்றும் சாராயமும்

கடலூர்க் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குச் சத்துருக்கள் மூவர்.

முதல் சத்துரு உப்பு. தேவனாம்பட்டினத்திலிருந்து வீசும் காற்று மனிதனுக்குச் சுகமாய் இருக்கலாம். இரும்புக்கு அது விஷம். ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளுக்குள் ஈரம் புகுந்தால் வெளியே வருவதில்லை. மேலே வர்ணம் பளபளவென்றிருக்க, உள்ளே துரு தின்று கொண்டிருக்கும். அதோடு 2011 டிசம்பர் 30-இல் வந்த 'தானே' புயலையும், 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தையும் கடலூர் ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெய் அனைத்தையும் வடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பது யந்திரத்தை வலியக் கெடுப்பதாகும்.

இரண்டாவது சத்துரு வயது. ரப்பர் சும்மா இருந்தாலும் கிழடாகிறது. வெயிலிலும் சூட்டிலும் இறுகி, வெடித்து, மாவாய் உதிர்கிறது. ஓடாத வண்டியின் ரப்பர் ஓடுகிற வண்டியின் ரப்பரைவிட நன்றாயிருக்கும் என்று நினைப்பது தவறு.

மூன்றாவது சத்துரு புதிதாக வந்தது. நெல்லிக்குப்பத்துப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரையில் கரும்பு தெரியும். அந்தக் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கிற எத்தனால் என்னும் சாராயம் இப்போது பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2025-இல் இந்தக் கலப்பு நாடெங்கும் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. தேசத்துக்கு அந்நியச் செலாவணி மிச்சமாவதும் விவசாயிக்குப் பணம் வருவதும் சந்தோஷமான விஷயங்களே. ஆனால் 1960-களின் ரப்பர்க் குழாய்க்கும், பெட்ரோல் பம்பின் சவ்வுக்கும், தக்கையினால் ஆன அடைப்புக்கும் மதுபானப் பழக்கம் கிடையாது. அவை ஊறி, உப்பி, இற்றுப் போகின்றன. சாராயம் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக் கொள்வதால் பெட்ரோல் தொட்டியில் துருவும் பிடிக்கிறது. இற்றுப்போன குழாயிலிருந்து சூடான யந்திரத்தின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களும், வைட்டான் போன்ற ரப்பரில் செய்த அடைப்புக்களும் இன்று கிடைக்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர் முதல் செலவாகச் செய்ய வேண்டியது இதுதான்.

உடன்பிறந்தாளின் நகை

சாமான் தேடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, உடன்பிறந்தவளிடம் இரவல் கேட்பது.

இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வண்டியைக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகையால் அதற்கு வேண்டிய சாமான்களைப் புதிதாகச் செய்து விற்கும் வியாபாரமும் அங்கே நடக்கிறது. ஹெரால்டுக்கு என்று கேட்டால் இல்லையென்று வருகிற பதில், ஸ்பிட்ஃபயருக்கு என்று கேட்டால் பல சமயங்களில் உண்டு என்று மாறிவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் உறுப்புக்களில் பெரும்பாலானவை இரண்டுக்கும் ஒரே வம்சம். லோட்டஸ் என்னும் புகழ்பெற்ற பந்தய வண்டிக்காரர்கள்கூட இதே உறுப்புக்களை வாங்கித் தங்கள் வண்டிகளில் வைத்தார்கள் என்றால் அவற்றின் பெருமையைத் தெரிந்து கொள்ளலாம்.

ஆனால் அக்காளின் வளையல் எல்லாம் தங்கையின் கைக்குச் சேர்ந்துவிடாது. சென்னை ஹெரால்டின் யந்திரம் 948 கன சென்டிமீட்டர். முதல் ஸ்பிட்ஃபயரின் யந்திரம் 1147. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர்தான். ஆனால் பிஸ்டனின் குறுக்களவு ஒன்றில் 63, மற்றொன்றில் 69.3. ஆகவே பிஸ்டனை ஆசையோடு வரவழைத்துவிட்டு அலமாரியில் வைத்து அழகு பார்க்கும்படி ஆகும். பணம் அனுப்புமுன் பழைய உறுப்பை அளந்து, அதில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி அனுப்புவது உத்தமம்.

எண்களின் பாஷை

இரண்டாவது வழிக்குச் சீமைக்குப் போக வேண்டியதே இல்லை. உள்ளூர்க் கடைத் தெருவே போதும். எண்களின் பாஷை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பேரிங் என்னும் குண்டு வளையத்தை எடுத்துக் கொள்ளுங்கள். எந்த வண்டிக்கு என்று சொன்னால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அதன் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் 6205 என்பது போல ஓர் எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 05 என்றால் 25 மில்லிமீட்டர். (04-க்கு மேற்பட்ட எண்களுக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தும்.) அங்குல அளவில் செய்த பேரிங்குகளுக்கு வேறு வரிசை எண்கள் உண்டு. எண்ணெய் கசியாமல் காக்கும் ஸீலுக்கு மூன்று அளவுகள் தெரிந்தால் போதும்: தண்டின் குறுக்களவு, வெளி வளையத்தின் குறுக்களவு, கனம். எண்ணைக் காட்டிக் கேட்டால் கடைக்காரருக்கு அது ஹெரால்டுக்கா, தண்ணீர்ப் பம்புக்கா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

போல்ட்டு விஷயத்தில்தான் பலர் மோசம் போகிறார்கள். ஹெரால்டில் இருப்பது அங்குலக் கணக்கில் வெட்டிய மரை. இன்று கடையில் தாராளமாய்க் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். பலசாலியான பையன் ஒருவன் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் போல்ட்டும் கெட்டு, அது போய் உட்காரும் துளையும் கெட்டுவிடும். பலத்திலும் ஜாதி உண்டு. மில்லிமீட்டர்ப் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால் அது பாரம் தாங்கும்; 4.6 என்று இருந்தால் வேலிக் கதவோடு நிற்கட்டும். அங்குலப் போல்ட்டில் 8.8-க்கு ஏறக்குறையச் சமமானதன் தலையில் மூன்று கோடுகள் இருக்கும். சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் பிடித்திருக்கும் இடத்தில் தலையில் அடையாளமே இல்லாத போல்ட்டைப் போடுகிறவர் யமனுக்குத் தாமே வழி காட்டுகிறார்.

கடைசல் பட்டறையில்

மூன்றாவது வழி, செய்து கொள்வது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப் படகுகள் நிற்கின்றன. படகைத் தள்ளும் புரொப்பெல்லரின் தண்டு இரவும் பகலும் உப்பு நீரில் சுழல வேண்டும். அதைத் தாங்கும் புஷ் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்பது படகு வேலை செய்யும் தொழிலாளிகளுக்கு மனப்பாடம். செம்பு 88 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு, துத்தநாகம் 2 பங்கு சேர்ந்த கன்மெட்டல் என்னும் வெண்கலம் கடல் நீருக்குப் பெயர்போனது. ஆடவல்லானையே செப்புத் திருமேனியாய் வார்த்து வைத்திருக்கும் நாட்டில், வெண்கலத்தில் ஒரு புஷ் செய்ய ஆள் அகப்படாமல் போவார்களா?

ஆனால் பட்டறைக்குப் போகும்போது, "இதே மாதிரி ஒன்று செய்து கொடு" என்று மட்டும் சொல்வது போதாது. பழைய உறுப்பு ஏன் தேய்ந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு உறுப்பை மாத்திரம் மாற்றினால், புதியதும் பழையதன் வழியே போய்ச் சேரும். இதற்கு ஹெரால்டிலேயே நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது.

முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது 'டிரன்னியன்' என்னும் செப்புக் கலப்பு உலோகக் கூட்டுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழலும். வலப்பக்கத்துக்கு ஒரு மரை. இடப்பக்கத்துக்கு அதற்கு எதிர் மரை. இந்த இடத்துக்குக் கியர் எண்ணெய் விட வேண்டும் என்பது வண்டியைச் செய்தவர்களின் கட்டளை. ஆனால் கிரீஸ் அடிக்கும் துப்பாக்கி கையில் இருக்கும்போது யாருக்கு எண்ணெயைத் தேடப் பொறுமை இருக்கிறது? கிரீஸ் மரையின் அடிவரை போய்ச் சேராமல் நடுவிலேயே கட்டிக் கொள்கிறது. அடியில் ஈரம் தங்கி எஃகு அரிக்கிறது. கடைசியில் ஒரு நாள், வளைவில் திரும்பும் போது, தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடுகிறது.

இந்த டிரன்னியனைத் தங்கத்தில் செய்து போட்டாலும் கிரீஸ் அடித்தால் கதை இதுதான். தொண்ணூறாம் நெம்பர்க் கியர் எண்ணெயை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது விட்டு வந்தால் சாதாரண உலோகமே பல வருஷம் உழைக்கும். கொஞ்சம் எண்ணெயின் விலை ஒரு குடும்பத்தின் உயிருக்கு ஈடாக நிற்கிறது.

எஃகிலும் ஜாதி பார்க்க வேண்டும். சாதாரண மெல்லிரும்பில் கடைந்த தண்டு புதிதில் வெள்ளி போல மின்னும். மூன்று மாதத்தில் முறுக்கிக் கொள்ளும். தண்டுக்கு இ.என்.8 போன்ற எஃகும், அதிகப் பாரம் தாங்கும் இடத்துக்கு நிக்கல் கலந்த இ.என்.24 போன்ற எஃகும் வேண்டும். கடைந்தபின் பதம் செய்வதும் அவசியம்.

பட்டறையில் செய்யக் கூடாதவையும் உண்டு. மேலே சொன்ன நிமிர்ந்த தண்டு, ஸ்டியரிங்கின் கைகள், பிரேக்கு உறுப்புக்கள் ஆகியவை உலையில் அடித்து, சோதித்து, முத்திரையிட்டு வர வேண்டியவை. இவற்றுக்கு எவ்வளவு செலவானாலும் நம்பகமான இடத்திலிருந்து புதியதை வரவழைப்பதே புத்திசாலித்தனம். பிரேக்கின் ரப்பர்க் கிண்ணங்களைப் பெட்ரோலிலோ யந்திர எண்ணெயிலோ கழுவவும் கூடாது. அவை உப்பி, பிரேக்கு தக்க சமயத்தில் கை விட்டுவிடும்.

பின் சக்கரங்களின் மேல் குறுக்கே கிடக்கும் வில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டனார் காலத்து வில்வண்டியில் இருந்த பட்டை வில்லின் பேரன்தான் அது. தொய்ந்து போனால், பட்டைகளைக் குளிர்ந்த நிலையிலேயே தட்டி வளைத்துக் கொடுக்கும் தொழிலாளிகள் லாரிப் பட்டறைகளில் இருக்கிறார்கள். நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு, மறுபடி பதம் கொடுக்காமல் பூட்டினால் வில் மறுபடியும் படுத்துக் கொள்ளும். வில் தாழ்ந்தால் ஹெரால்டின் பின் சக்கரங்கள் சாயும். சாய்ந்த சக்கரத்தோடு வளைவில் வேகம் காட்டுவது ஆபத்து. இந்தப் பின்பக்க ஏற்பாடு நம் ஜனங்களுக்குப் பிடிக்காததால்தான் 'கஸெல்' வண்டிக்கு நேரான அச்சு போட்டார்கள்.

தேரும் சட்டமும்

இப்படி ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது பழைய வண்டிதானா என்று சிலர் கேட்கக்கூடும்.

சிதம்பரவாசிகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் வீதி வலம் வருகின்றன. மரத்தேர் வெயிலிலும் மழையிலும் நின்றால் பலகை இற்றுப் போகும், ஆப்பு தளரும். இற்றதை எடுத்துவிட்டு நல்ல மரத்தைப் பொருத்துகிறார்கள். அதனால் யாரும் இது வேறு தேர் என்று சொல்வதில்லை. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் எண்ணெயழுத்தப் பிரேக்கும் பூட்டிக் கொடுத்தார்கள். தேரின் வடிவமும் ஓட்டமும் நின்றன. ஜனங்களின் உயிருக்கும் காப்பு ஏற்பட்டது.

சர்க்காரும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை எழுதியிருக்கிறார்கள். முதல் ரிஜிஸ்தர் ஆகி 50 வருஷம் கடந்த சொந்த உபயோக வண்டிகளைப் புராதன வண்டி என்று பதிவு செய்து கொள்ள 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் வைத்தார்கள். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பூர்வ ரூபத்தில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, யந்திரம் ஆகியவற்றைப் பெரிதாய் மாற்றியிருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரிக் காரியங்களுக்கு ஓட்டவும் அனுமதி இல்லை; கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பது முதலியவற்றுக்கு ஓட்டலாம். ஹெரால்டுகள் எல்லாம் 50-ஐத் தாண்டிவிட்டன. ஆகவே, சௌகரியத்துக்காக வேறொரு வண்டியின் யந்திரத்தைத் தூக்கி வைத்து விடலாம் என்று யோசனை சொல்பவர்களுக்குக் காது கொடுக்கும் முன், இந்த விதியைப் படித்துவிடுவது நல்லது. புஷ்ஷும் பேரிங்கும் ஸீலும் தேர்ப்பலகை மாதிரி. யந்திரமும் அடிச்சட்டமும் தேரின் உருவம் மாதிரி.

ஒரு கணக்குப் புத்தகம்

வீட்டுக் கணக்கு எழுதுகிற வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் அடியோடு போய்விடவில்லை. அதைப் போலவே வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். எந்த உறுப்பு, என்ன எண், என்ன அளவு, எந்த உலோகம், எந்தப் பட்டறையில் செய்தது, எத்தனை மைல் உழைத்தது என்று எழுதி வைத்தால், அடுத்தபடி தேடுகிறவருக்கு அது பொக்கிஷம். கழற்றிய பழைய உறுப்பையும் எறிந்துவிடக் கூடாது. புதியதற்கு அதுதான் அளவுகோல்.

ஏனென்றால், இதில் அருமையானது வண்டி மாத்திரம் அல்ல. தேய்ந்த உறுப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எண்ணெய் இல்லாமல் தேய்ந்தது" என்று சொல்லக்கூடிய வயதான தொழிலாளிகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். உறுப்பைப் பிரிக்காமல் மொத்தமாய் மாற்றிவிடும் இந்தக் காலத்தில் அந்தக் கண்ணுக்கும் கைக்கும் வேலை குறைந்து வருகிறது. கொட்டகையில் நிற்கும் ஒரு ஹெரால்டு அவர்களுக்கு வேலை கொடுக்கும். பக்கத்தில் நின்று பார்க்கும் கல்லூரிப் பையனுக்குப் பாடமும் கொடுக்கும். வருகிற விடுமுறையில் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டுப் புத்தகத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரன் அடுத்த வருஷமும் வருவான். அவனுக்கு அப்போது பதில் சொல்லிக் கொள்ளலாம்.